ஒளியாமலே ஸ்னீக் அட்டாக்: டி அண்ட் டி கிளாஸ் விதிகள் ஏன் குழப்புகின்றன?

ஓர் ஓர்க் வாசலை மறித்து நிற்கிறது. ஃபைட்டர் அதனுடன் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருக்கிறார். ரோக் ஆடுபவர் ஒளிவுமறைவு எதுவும் இல்லாமல் பக்கவாட்டில் வந்து நின்று ஷார்ட்ஸ்வோர்டால் குத்துகிறார். தாக்குதல் படுகிறது. "ஸ்னீக் அட்டாக் டேமேஜையும் சேர்த்துக்கொள்கிறேன்" என்று பகடைகளை எடுக்கிறார். எதிரே இருப்பவர் உடனே தடுக்கிறார்: "நீ ஒளியவே இல்லையே, அப்புறம் எப்படி ஸ்னீக் அட்டாக்?" ஆட்டம் நின்றுபோகிறது. யாரோ புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆடியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். இதில் ரோக் ஆடுபவர் சொன்னதே சரி. ஆனால் தடுத்தவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்னீக் என்றால் பதுங்கிப் போவது. பதுங்காத ஒருவர் அந்தத் திறனைப் பயன்படுத்துவது அவர் காதுக்குப் பொருந்தவில்லை. பெயரை வைத்து விதியை ஊகித்துவிட்டார், அவ்வளவுதான். கிளாஸ் (ஃபைட்டர், ரோக் போன்ற பாத்திரத் தொழில் வகை) தரும் திறன்கள் பற்றி எழும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன். திறனின் பெயர் ஒரு கதை சொல்கிறது. அதன் கீழே இருக்கும் வாக்கியம் வேறொரு கணக்கைச் சொல்கிறது. பகடையை உருட்டும்போது செல்லுபடியாவது அந்த வாக்கியம்தான்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரியும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் கொண்டுவந்த முதல் பதிப்பில் மூன்றே கிளாஸ்கள்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். தீஃப் என்ற திருடன் அடுத்த ஆண்டு கிரேஹாக் என்ற துணைநூலில் வந்து சேர்ந்தான். அவன் உண்மையிலேயே பின்னால் போய் ஓசைப்படாமல் தாக்க வேண்டும். அப்படித் தாக்கினால் பகடையில் 4 கூடும், டேமேஜ் இரட்டிப்பாகும். 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அந்தக் கிளாஸ் ரோக் ஆகிவிட்டது. திறனின் பெயர் ஸ்னீக் அட்டாக். அப்போதே முதுகுப்பக்கம் என்ற நிபந்தனை தளர்ந்து, எதிரி தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தாலோ, கூட்டாளியோடு சேர்ந்து இருபுறமும் சூழ்ந்துகொண்டாலோ போதும் என்றானது. 2014இல் ஐந்தாம் பதிப்பு அதையும் எளிமையாக்கியது. பதுங்குவது விதியிலிருந்து போய்விட்டது, பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால்

2014 விதி சொல்வது இது. தாக்குதல் பட வேண்டும். ஆயுதம் ஃபினெஸ் (வலிமைக்குப் பதில் லாவகத்தால் கையாளக்கூடிய) வகையாகவோ ரேஞ்ச்ட் (தூரத்திலிருந்து தாக்கும்) வகையாகவோ இருக்க வேண்டும். அதன்பின் இரண்டு வழிகள் உண்டு. அட்வான்டேஜ் இருந்தால், அதாவது 20 பக்கப் பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கும் உரிமை இருந்தால், ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். அட்வான்டேஜ் இல்லாவிட்டாலும், இலக்குக்குப் பகையான இன்னொருவர் அதிலிருந்து 5 அடிக்குள் செயலிழக்காமல் இருந்து, தாக்குபவருக்கு டிஸ்அட்வான்டேஜும் (இருமுறை உருட்டிச் சிறிய எண்ணை எடுக்க வேண்டிய நிலை) இல்லை என்றால், அப்போதும் கிடைக்கும். டர்னுக்கு ஒருமுறை மட்டும்.

இதில் ஒளிவதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஒளிந்திருந்து தாக்கினால் அட்வான்டேஜ் வரும், அந்த வகையில் முதல் வழிக்கு அது உதவும். கீழே விழுந்து கிடப்பவரை அருகில் நின்று தாக்கினாலும் அதே அட்வான்டேஜ்தான் வருகிறது.

இரண்டாம் வழியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2014 புத்தகம் "இலக்கின் இன்னொரு எதிரி" என்றுதான் சொல்கிறது. அவர் உங்கள் நண்பராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டு கொள்ளைக் கும்பல்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும்போது நடுவில் புகுந்த ரோக்குக்கு அந்தச் சண்டையே போதும். 2024இல் வந்த திருத்திய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இதை "உங்கள் கூட்டாளி" என்று மாற்றிவிட்டது. ஒரே ஒரு சொல்தான் மாறியிருக்கிறது, ஆனால் கும்பல் சண்டையில் கிடைத்த அந்த வாய்ப்பு அதோடு போய்விட்டது.

வில்லோடு ஆடும் ரோக்குக்கு வேறொரு சிக்கல். தன் அருகே 5 அடிக்குள் ஓர் எதிரி நின்றுகொண்டிருந்தால், அவர் எய்யும் அம்புக்கு டிஸ்அட்வான்டேஜ் வரும். டிஸ்அட்வான்டேஜ் வந்தவுடன் இரண்டு வழியும் அடைபட்டுப் போகும். ஆனால் வேறு ஏதாவது காரணத்தால் அட்வான்டேஜும் கிடைக்கிறது என்றால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அப்போது இரண்டுமே இல்லாததாகத்தான் கணக்கு. டிஸ்அட்வான்டேஜுக்கு மூன்று காரணங்கள், அட்வான்டேஜுக்கு ஒரே ஒரு காரணம் என்றாலும் முடிவு மாறாது, எண்ணிக்கைக்கு இங்கே மதிப்பில்லை. டிஸ்அட்வான்டேஜ் அழிந்துவிட்டதால், இலக்கின் பக்கத்தில் ஃபைட்டர் நின்றால் இரண்டாம் வழி மீண்டும் திறக்கிறது. அம்பு பட்டால் ஸ்னீக் அட்டாக் உண்டு.

அடுத்து வருவது, பலர் ஆண்டுக்கணக்கில் தவறாக ஆடும் பகுதி. டர்ன் என்பது ஒருவருடைய முறை. ரவுண்ட் என்பது சண்டையில் இருக்கும் எல்லோருடைய முறையும் சேர்ந்த ஒரு சுற்று, கதைக்குள் சுமார் 6 விநாடி. (தமிழில் "ஒரு முறைக்கு ஒருமுறை" என்று எழுதினால் வாசிப்பவர் திணறிப்போவார் என்பதால் டர்ன் என்றே வைத்துக்கொள்கிறேன்.) ஸ்னீக் அட்டாக் "டர்னுக்கு ஒருமுறை"; "ரவுண்டுக்கு ஒருமுறை" அல்ல. "உங்கள் டர்னில்" என்ற கட்டுப்பாடும் அதில் இல்லை. ஆகவே உங்கள் டர்னில் ஒருமுறை அடித்த பிறகு, எதிரி தன் டர்னில் உங்களை விட்டு விலகி ஓடும்போது, உடனடிப் பதில் செயலான ரியாக்‌ஷனைச் செலவழித்து ஆப்பர்சூனிட்டி அட்டாக் செய்தால், நிபந்தனைகள் பொருந்தும் பட்சத்தில் அதிலும் ஸ்னீக் அட்டாக் சேரும். அது எதிரியின் டர்ன், அந்த டர்னில் உங்களுக்கு அது முதல் முறை.

ஐந்தாம் லெவல் ரோக்குக்கு ஸ்னீக் அட்டாக் மூன்று 6 பக்கப் பகடைகள், சராசரியாக 10.5 டேமேஜ். ரவுண்டுக்கு இரண்டு என்றால் சராசரி 21. இதைக் கேட்டதும் ஆட்டத்தை நடத்தும் சில டிஎம்கள் (டஞ்சன் மாஸ்டர்கள்) மறுத்துவிடுகிறார்கள். மறுக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒருவருக்கு ரவுண்டுக்கு ஒரே ஒரு ரியாக்‌ஷன்தான் என்பதால், நடைமுறையில் இது இரண்டைத் தாண்டாது. அந்த இரண்டாவதும் எதிரி விலகி ஓடினாலோ, பேட்டில் மாஸ்டர் ஃபைட்டர் ஒருவர் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் மூலம் தன் வாய்ப்பை விட்டுக்கொடுத்தாலோதான் பெரும்பாலும் வரும். ஃபைட்டருக்குக் கிடைப்பதுபோல் எக்ஸ்ட்ரா அட்டாக் கிடைக்காத கிளாஸுக்கு, நின்ற இடத்தையும் நேரத்தையும் கவனித்து ஆடியதற்கு விதி தரும் பரிசு அது. அதைப் பிடுங்கினால் அந்தக் கிளாஸை ஆடுவதன் சுவையே குறைந்துபோகும்.

தாக்குதலும் அட்டாக் ஆக்‌ஷனும்

ஆங்கில மூலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் வரும் குழப்பம் இது. தாக்குதல் என்பது பகடை உருட்டி ஒருவரை அடிக்க முயலும் ஒரு செயல். அட்டாக் ஆக்‌ஷன் என்பது உங்கள் டர்னில் இருக்கும் ஒரே ஆக்‌ஷனைச் சண்டைக்காகச் செலவழிப்பது. ஓர் அட்டாக் ஆக்‌ஷனுக்குள் ஒன்றோ இரண்டோ தாக்குதல்கள் இருக்கலாம். அட்டாக் ஆக்‌ஷன் எடுக்காமலும் தாக்கலாம். தமிழில் பேசி ஆடுபவர்களுக்கு இங்கே ஒரு வசதி கிடைக்கிறது: பொதுவான பொருளுக்குத் "தாக்குதல்", விதியின் கலைச்சொல்லுக்கு "அட்டாக் ஆக்‌ஷன்" என்று பிரித்துச் சொல்லிப் பழகினால் பாதிச் சந்தேகங்கள் எழவே மாட்டா.

ஃபைட்டர், பாலடின், ரேஞ்சர், பார்பேரியன், மங்க் ஆகியோருக்கு ஐந்தாம் லெவலில் வரும் எக்ஸ்ட்ரா அட்டாக்கைப் பாருங்கள். உங்கள் டர்னில் அட்டாக் ஆக்‌ஷன் எடுத்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு தாக்குதல்கள் என்கிறது அது. எதிரி ஓடும்போது செய்யும் ஆப்பர்சூனிட்டி அட்டாக்கில் ஒன்றுதான், அது அட்டாக் ஆக்‌ஷன் அல்ல. ரெடி ஆக்‌ஷன் எடுத்துக் காத்திருந்து அடித்தாலும் ஒன்றுதான், அப்போது உங்கள் டர்ன் நடக்கவில்லை. ஃபைட்டரில் 5, பாலடினில் 5 என்று இரண்டு கிளாஸை எடுத்தவருக்கு மூன்று தாக்குதல்களும் வராது; ஒரே திறனை இரண்டு இடத்தில் வாங்கினால் அது கூடுவதில்லை.

மங்கின் ஃப்ளரி ஆஃப் ப்ளோஸும் இதே சொல்லில்தான் தொங்குகிறது. 2014இல் அட்டாக் ஆக்‌ஷன் எடுத்த உடனே மங்கின் ஆற்றல் இருப்பிலிருந்து ஒரு கி புள்ளி கொடுத்து, போனஸ் ஆக்‌ஷனில் இரண்டு வெறுங்கைத் தாக்குதல்கள் செய்யலாம். டாட்ஜ் ஆக்‌ஷன் எடுத்துத் தற்காத்துக்கொண்ட மங்குக்கு அந்த டர்னில் அது கிடையாது. 2024இல் அந்த முன்நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே டாட்ஜ் எடுத்த மங்கும் இப்போது போனஸ் ஆக்‌ஷனில் குத்தலாம்.

போனஸ் ஆக்‌ஷன் என்ற பெயரும் சேர்ந்து ஏமாற்றுகிறது. எல்லோருக்கும் டர்ன்தோறும் கூடுதலாக ஒன்று கிடைப்பதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் ஏதாவது ஒரு திறனோ மந்திரமோ "இதைப் போனஸ் ஆக்‌ஷனாகச் செய்யலாம்" என்று சொன்னால்தான் அது உண்டு. சொல்லாதபோது போனஸ் ஆக்‌ஷன் என்று ஒன்றே கிடையாது. ஆக்‌ஷனை விட்டுக்கொடுத்து இரண்டாவது போனஸ் ஆக்‌ஷன் வாங்கவும் முடியாது.

மந்திரம் போடும் கிளாஸ்களுக்கு 2014 புத்தகம் இதன்மேல் இன்னொரு கட்டுப்பாட்டையும் வைத்தது. போனஸ் ஆக்‌ஷனில் ஒரு மந்திரத்தைப் போட்டால், அதே டர்னில் வேறு மந்திரம் போட முடியாது. ஓர் ஆக்‌ஷன் பிடிக்கும் கான்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய எளிய மந்திரம்) மட்டும் விலக்கு. கிளெரிக் போனஸ் ஆக்‌ஷனில் ஹீலிங் வேர்ட் சொல்லிக் காயத்தை ஆற்றிவிட்டு, ஆக்‌ஷனில் சேக்ரட் ஃப்ளேம் போடலாம், அது கான்ட்ரிப். கைடிங் போல்ட் போட முடியாது. சோர்சரர் குவிக்கன்ட் ஸ்பெல் மூலம் ஃபயர்பாலைப் போனஸ் ஆக்‌ஷனுக்குக் கொண்டுவந்தால், ஆக்‌ஷனில் இன்னொரு ஃபயர்பால் கிடையாது. ஆனால் ஃபைட்டரில் இரண்டு லெவல் எடுத்த விசார்ட், ஆக்‌ஷன் சர்ஜ் மூலம் கிடைக்கும் இரண்டாவது ஆக்‌ஷனில் தாராளமாக இரண்டாவது ஃபயர்பாலைப் போடலாம், ஏனென்றால் அங்கே போனஸ் ஆக்‌ஷன் வரவே இல்லை. ஒரே டர்னில் இரண்டு ஃபயர்பால் வேண்டாம் என்பது நோக்கம் என்றால் அது நிறைவேறவில்லை. நோக்கம் வேறென்றால் அதை யாராலும் ஊகிக்க முடியவில்லை. இந்த விதியை மேசையில் விளக்கிப் புரியவைப்பது கடினம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். 2024 இதைக் கைவிட்டு, ஒரு டர்னில் ஒரே ஒரு ஸ்பெல் ஸ்லாட்டைத்தான் (மந்திரம் போட அளவாகக் கிடைக்கும் வாய்ப்புகளில் ஒன்று) மந்திரம் போடச் செலவழிக்கலாம் என்று ஒரு வரியில் முடித்தது. ஆக்‌ஷன் சர்ஜில் கிடைக்கும் கூடுதல் ஆக்‌ஷனை மந்திரத்துக்கான மேஜிக் ஆக்‌ஷனாகப் பயன்படுத்த முடியாது என்றும் சேர்த்தது. இது நல்ல திருத்தம்.

ஒரே பெயர், இரண்டு டிவைன் ஸ்மைட்

பாலடினின் டிவைன் ஸ்மைட்டைப் பற்றி இருவர் வாதாடினால், முதலில் எந்த ஆண்டுப் புத்தகம் என்று கேளுங்கள். 2014இல் அது மந்திரமே அல்ல, ஒரு கிளாஸ் திறன். கைகலப்பு ஆயுதத் தாக்குதல் பட்ட பிறகு ஒரு ஸ்பெல் ஸ்லாட்டைச் செலவழித்தால், முதல் லெவல் ஸ்லாட்டுக்கு இரண்டு 8 பக்கப் பகடைகள், ஸ்லாட்டின் லெவல் ஏற ஏற இன்னும் ஒவ்வொன்று, ஐந்து பகடைகள் வரை கூடுதல் டேமேஜ். இலக்கு அன்டெட் (செத்தும் உலவும் உயிரி) ஆகவோ ஃபீண்ட் (பேய் வகை) ஆகவோ இருந்தால் மேலும் ஒன்று. "பட்ட பிறகு" என்ற சொற்களில்தான் இதன் பலம் முழுதும் இருக்கிறது. பகடையில் 20 விழுந்து தாக்குதல் கிரிட்டிகல் ஆனதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கிரிட்டிகலில் பகடைகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும், ஸ்மைட் பகடைகளும் அதில் அடக்கம். டர்னுக்கு இத்தனை முறை என்ற வரம்பும் இல்லை. இரண்டு தாக்குதலும் பட்டால் இரண்டிலும் ஸ்லாட்டைக் கொட்டலாம்.

2024இல் அதே பெயரில் இருப்பது ஒரு மந்திரம். தாக்குதல் பட்டவுடன் போனஸ் ஆக்‌ஷனில் போட வேண்டும். போனஸ் ஆக்‌ஷன் டர்னுக்கு ஒன்றுதான் என்பதால் ஸ்மைட்டும் ஒன்றுதான். மந்திரம் என்பதால் எதிரி மந்திரவாதி கவுன்ட்டர்ஸ்பெல் போட்டுத் தடுக்க முயலலாம். இன்னும் ஒரு விளைவு, உடனே கண்ணில் படாதது: பார்பேரியனும் பாலடினும் கலந்த பாத்திரம் ரேஜில் (பார்பேரியனின் வெறிகொண்ட நிலை) இருக்கும்போது மந்திரம் போட முடியாது. 2014இல் ஸ்மைட் மந்திரம் அல்ல என்பதால் ரேஜில் ஸ்மைட் அடிப்பது பலருக்கும் பிடித்த கூட்டணி. 2024 விதியில் அந்தக் கூட்டணி இயங்காது. ரேஜில் மந்திரம் போட முடியாது என்ற விதியை யாரும் தொடவில்லை, வேறொரு கிளாஸில் ஒரு திறனின் வகையை மாற்றினார்கள், விளைவு இங்கே வந்து இறங்கியது.

ரேஜைப் பற்றிச் சுருக்கமாக. 2014இல் உங்கள் டர்ன் முடியும்போது, முந்தைய டர்னுக்குப் பிறகு நீங்கள் பகைவரைத் தாக்கியும் இருக்கவில்லை, டேமேஜும் வாங்கவில்லை என்றால் ரேஜ் அணைந்துவிடும். தாக்கினால் போதும், படவேண்டிய அவசியமில்லை. தவறிய கோடரி வீச்சும் ரேஜைக் காப்பாற்றும்.

ட்ரூயிடின் வைல்ட் ஷேப்பும் ஸ்மைட் போலவே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அது விலங்காக உருமாறும் திறன். 2014இல் விலங்கு உருவுக்கென்று தனி ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). 34 ஹிட் பாயின்ட் உள்ள பழுப்புக் கரடியாக மாறிய ட்ரூயிடிடம் 5 மிஞ்சியிருக்கும்போது 12 டேமேஜ் விழுந்தால், உரு கலைந்து மீதி 7 அவருடைய சொந்த உடலைத் தாக்கும். 2024இல் அவர் தன் சொந்த ஹிட் பாயின்ட்டையே வைத்துக்கொள்கிறார், அதன்மேல் தற்காலிக ஹிட் பாயின்ட் சேர்கிறது.

ஆர்மர் கிளாஸ் (ஒருவரை அடிக்கத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண்) கணக்கும் அடிக்கடி வழுக்கும். பார்பேரியனின் அன்ஆர்மர்ட் டிஃபென்ஸ் 10உடன் டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன் என்ற பண்புகளின் மாடிஃபையர்களைக் (கூட்டு எண்களைக்) கூட்டுகிறது. மங்குக்கு கான்ஸ்டிட்யூஷன் இடத்தில் விஸ்டம். மேஜ் ஆர்மர் மந்திரம் 13உடன் டெக்ஸ்டெரிட்டி. இவை ஒவ்வொன்றும் ஒரு தனிச் சூத்திரம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தலாம். கேடயம் தரும் 2 சூத்திரம் அல்ல, கூட்டல். அது மேலே சேரும், மங்குக்கு மட்டும் சேராது, ஏனென்றால் கேடயம் ஏந்தினால் அவருடைய சூத்திரமே வேலை செய்யாது. "இது சூத்திரமா, கூட்டலா?" என்று ஒருமுறை கேட்டாலே ஆர்மர் கிளாஸ் 25 என்று எழுதிக்கொண்டு வரும் பாத்திரங்கள் குறைந்துபோகும்.

ஏன் இப்படி எழுதினார்கள்?

2008இல் வந்த நான்காம் பதிப்பு திறன்களைக் கட்டம் கட்டிக் குறிச்சொற்களோடு அச்சிட்டது. எப்போது, எவ்வளவு தூரம், யாரை, என்ன விளைவு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி. சந்தேகம் குறைவு, ஆனால் மந்திரவாதியும் வாள்வீரரும் வாசிப்பில் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று பலர் வருந்தினார்கள். ஐந்தாம் பதிப்பு பேச்சுமொழிக்குத் திரும்பியது. வாசிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலை, அன்றாடச் சொற்களே கலைச்சொற்களாகவும் நிற்பது. 2024 புத்தகம் நடுவழியில் நிற்கிறது: கலைச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதுகிறது, பின்னால் ஒரு விதி அகராதியும் வைத்திருக்கிறது. எனக்கு 2014இன் நடை இன்னும் பிடிக்கும். புதிதாக வருபவர் ஒரு கிளாஸின் பக்கங்களை ஒரு மனிதரின் வாழ்க்கைபோல் வாசிக்க முடிகிறது. ஆனால் ஆடும் நேரத்தில் கையில் இருக்க வேண்டியது 2024இன் அகராதிதான்.

இந்தப் பேச்சுமொழிக்குள் இரண்டு தூண்கள் இருக்கின்றன. ஒன்றை 2014 புத்தகம் தன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது: பொது விதியும் குறிப்பிட்ட திறனும் முரண்பட்டால் குறிப்பிட்டதே வெல்லும். பொது விதிப்படி ஓடி விலக வேண்டுமென்றால் டிஸ்எங்கேஜ் ஓர் ஆக்‌ஷன். ரோக்கின் கன்னிங் ஆக்‌ஷன் அதைப் போனஸ் ஆக்‌ஷனாக்குகிறது, அந்த இடத்தில் திறன்தான் செல்லும். மற்றது ஆடிப் பழகியவர்கள் கற்றுக்கொண்டது: திறன் எதைச் சொல்கிறதோ அதை மட்டும் செய்யும். கதைக்குப் பொருத்தமாகத் தோன்றும் கூடுதல் விளைவு எதையும் அது தராது, அதேபோல் கதைக்குப் பொருத்தமாகத் தோன்றும் கூடுதல் நிபந்தனையும் கேட்காது. ஓர்க் சண்டையில் நடந்த தவறு இந்த இரண்டாவது பாதி.

இவ்வளவுக்கும் பிறகு எழுத்திலேயே விடை இல்லாத இடங்கள் வரும். அங்கே டிஎம் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று விதிப்புத்தகமே விட்டுவிடுகிறது. பதிப்பாளர்களான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிடும் சேஜ் அட்வைஸ் தொகுப்பில் பல கேள்விகளுக்கு அதிகாரபூர்வமான பதில்கள் இருக்கின்றன, அவற்றை ஆட்டம் முடிந்தபின் நிதானமாகப் பார்க்கலாம். ஆட்டத்தின் நடுவே, இரண்டு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் ஆடுபவருக்குச் சாதகமாக அன்றைக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்வதையே நான் விரும்புகிறேன். அடுத்த அமர்வு தொடங்கும்முன் சரியான விடையை எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் தீர்ப்பு சட்டமாகிவிடும். பாத்திரம் உருவாக்கும் முதல் நாளிலேயே எந்த ஆண்டுப் புத்தகம் என்று பேசி முடிப்பது இன்னும் முக்கியம். ஒரே மேசையில் ஒருவர் 2014 பாலடினும் இன்னொருவர் 2024 மங்கும் வைத்துக்கொண்டு, அது தெரியாமலே பல வாரம் ஆடுவது நடக்கிறது.

ஆடுபவர் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடு ஒன்று உண்டு. பாத்திரத் தாளில் திறனின் பெயரை எழுதி அதன் பக்கத்தில் நான்கே விஷயங்களைச் சொந்தச் சொற்களில் குறித்துக்கொள்வது: எப்போது, எத்தனை முறை, எந்த வகைச் செலவு, என்ன தடை. ரோக்கின் தாளில் அது இப்படி இருக்கும்: "பட்ட பிறகு. டர்னுக்கு ஒன்று, யாருடைய டர்னாக இருந்தாலும். செலவு இல்லை. ஃபினெஸ் அல்லது ரேஞ்ச்ட்; அட்வான்டேஜ், இல்லையென்றால் இலக்கின் பக்கத்தில் நம் ஆள்; டிஸ்அட்வான்டேஜ் இருந்தால் கிடையாது." வாசலை மறித்த ஓர்க்கின் முன்னால் இந்த வரிகளைப் படித்துப் பாருங்கள். குத்து பட்டுவிட்டது. ஷார்ட்ஸ்வோர்ட் ஃபினெஸ் வகை. ஃபைட்டர் 5 அடிக்குள் நிற்கிறார். டிஸ்அட்வான்டேஜ் தரும் எதுவும் அங்கே இல்லை. ரோக் பகடைகளை உருட்டலாம்.